பேப்பர் கப்பும் கழுவுதொட்டியும்

டீயோ காபியோ குடித்து முடித்த பேப்பர் கப் ஒன்றை வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் எடுத்து, வாய் விளிம்பில் சுருட்டியிருக்கும் பகுதியைப் பிரித்துவிட்டு, வெளிப்பக்கத்துக் காகிதத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தால் அது கூழாகத் திரண்டு உரிந்து வரும். பொறுமையாகத் தேய்த்து முடித்த பிறகு கையில் ஒன்று மிஞ்சும். ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். கிழியாமல் உரித்திருந்தால் அதில் தண்ணீர் ஊற்றலாம், ஒழுகாது. காகிதத்தில் குடித்ததாக நாம் நினைத்தது இந்தப் படலத்தில்தான். காகிதம் அதைச் சுற்றி நின்று தாங்கிப் பிடித்தது, அவ்வளவே.

அந்தப் படலம் பாலித்தீன். காய்கறிக் கடையில் தரும் கேரி பேக் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். அட்டைச் சுருள் ஓடும்போதே உருகிய பாலித்தீனை அதன் மேல் பரப்பி இறுக்கிவிடுகிறார்கள். கனம் பொதுவாக 15, 20 மைக்ரான் அளவில்தான் இருக்கும், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. கப்பின் எடையில் அதன் பங்கு 5 முதல் 10 சதவீதம். ஆனால் அது செய்யும் வேலை இரண்டு. சூடான பானம் அட்டைக்குள் இறங்காமல் தடுக்கிறது. கப்பை ஒட்டுவதும் அதுதான். பக்கத்து மடிப்பிலும் அடித்தட்டிலும் தனியாகப் பசை கிடையாது. எந்திரம் சூட்டைக் கொடுக்கும்போது பாலித்தீனே இளகி அட்டையோடு அட்டையைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இந்தப் படலத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்வது எளிதாக இல்லை.

குப்பையின் கதையும் அந்த ஒட்டலில்தான் தொடங்குகிறது. பழைய காகிதத்தை மறுபடி காகிதமாக்கும் ஆலையில் முதல் வேலை கரைப்பது. பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டுச் சுழல விட்டால் செய்தித்தாள் சில நிமிடங்களில் கூழாகிவிடும். பேப்பர் கப் அவ்வளவு சீக்கிரம் கரையாது, ஒரு பக்கம் தண்ணீர் புக வழியே இல்லையே. மற்றதெல்லாம் கூழான பிறகும் அது துண்டு துண்டாக மிதந்து சல்லடையை அடைக்கும். கூடவே பாலும் சர்க்கரையும் ஒட்டியிருக்கும். ஆலைக்காரர் அதை வேண்டாம் என்று ஒதுக்குகிறார். ஆலை ஒதுக்குவதைப் பழைய பேப்பர் கடையும் வாங்காது. விலை இல்லாத பொருளைக் குப்பை பொறுக்குபவர் குனிந்து எடுக்க மாட்டார். இத்தனைக்கும் அந்த அட்டை நல்ல அட்டை. உணவு படும் இடம் என்பதால் பெரும்பாலும் புதிய மரக்கூழிலிருந்து, நீளமான இழைகளோடு செய்யப்பட்டது. பல முறை மறுபிறவி எடுக்கத் தகுதியுள்ள இழை பத்து நிமிடம் பயன்பட்டுவிட்டுப் போகிறது.

பிரிட்டன் இதை நாடு முழுவதற்கும் எண்ணிப் பார்த்தது. அங்கே ஆண்டுக்கு 250 கோடி கப்புகள் வீசப்படுகின்றன, அவற்றில் 400க்கு ஒன்றுகூட மறுசுழற்சிக்குப் போகவில்லை என்று நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு 2018 ஜனவரியில் சொன்னபோது மக்கள் அதிர்ந்தார்கள். அதுவரை கப்பில் போட்டிருந்த மறுசுழற்சிக் குறியைப் பார்த்து நம்பிக் காகிதத் தொட்டியில் போட்டு வந்தவர்கள் அவர்கள். கப்பைக் கரைக்கவே முடியாது என்பதல்ல. இங்கிலாந்தின் கெண்டல் ஊருக்கு அருகே ஜேம்ஸ் க்ராப்பர் என்ற பழைய காகித ஆலை அதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. வெந்நீரில் ஊற வைத்துப் படலத்தைப் பிரித்து, இழையை உயர்தரக் காகிதமாக மாற்றுகிறார்கள். ஆனால் ஒரு நாட்டுத் தெருக்களில் சிதறிக் கிடக்கும் கோடிக்கணக்கான கப்புகளைத் தனியாகப் பொறுக்கி, வேறு குப்பை கலக்காமல், அந்த ஆலை வாசலில் கொண்டுபோய் இறக்குவது யார்? தொழில்நுட்பம் கையில் இருந்தும் கப் அங்கே போய்ச் சேரவில்லை.

நம் ஊரில் அது போய்ச் சேரும் இடம் நமக்குத் தெரியும். சாக்கடை, காலி மனை, குப்பைமேடு. குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாமல் மட்கும் காகிதம் மீத்தேனைக் கிளப்பும். படலம் மட்காது, உதிர்ந்து பொடியாகும். பல கடைகளில் சாயங்காலம் குவியலைக் கூட்டித் தீ வைத்துவிடுகிறார்கள். பாலித்தீன் எரியும் புகையை அதே கடையில் நின்று டீ குடிப்பவர்களே சுவாசிக்கிறார்கள்.

கப் நம் கையில் இருக்கும்போதே நடப்பது ஒன்று உண்டு. கரக்பூர் ஐஐடியில் சுதா கோயலும் அவருடைய மாணவர்களும் பேப்பர் கப்பில் 85 முதல் 90 டிகிரி சூடுள்ள தண்ணீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். 100 மில்லி தண்ணீருக்கு மைக்ரான் அளவுத் துகள்கள் சுமார் 25,000 இருந்தன. உட்படலம் அந்தச் சூட்டில் இளகிச் சிதைந்ததன் அடையாளம் அவை. ஃபுளோரைடு, குளோரைடு போன்ற அயனிகளும் தண்ணீரில் இறங்கியிருந்தன. இந்தத் துகள்கள் உடம்புக்குள் என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் பாலித்தீன் கவரில் பார்சல் டீ கட்டித் தருவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர் பேப்பர் கப்பை நிம்மதியாக வாயில் வைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. சூடு படும் பரப்பு இரண்டிலும் ஒரே பொருள்தான்.

அப்படியானால் பாலித்தீனுக்குப் பதில் வேறொன்று பூசலாமே என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. சோளம், கரும்புச் சர்க்கரையிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலப் படலம் அப்படி வந்ததுதான். மட்கும் என்று அச்சடித்து விற்கிறார்கள். மட்கத்தான் செய்யும், ஆனால் 60 டிகிரியை ஒட்டிய சூட்டைப் பல வாரம் பிடித்து வைத்திருக்கும் தொழிற்சாலை உரக்கிடங்கில். குளத்திலோ வாய்க்காலிலோ விழுந்தால் அது ஏறக்குறைய சாதாரணப் பிளாஸ்டிக்காகவே கிடக்கும். சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் பேப்பர் கப்பையும் பிளாஸ்டிக் கப்பையும் சில வாரம் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரில் கொசுவைப் போன்ற சிறு பூச்சியின் புழுக்களை வளர்த்துப் பார்த்தார்கள். 2023இல் வெளிவந்த அந்த ஆய்வில் இரண்டு வகைக் கப்பும் புழுக்களின் வளர்ச்சியைக் கெடுத்தன. மண் குவளை? வட இந்திய ரயில் நிலையங்களில் அதை மறுபடி கொண்டுவரும் முயற்சி பல முறை நடந்திருக்கிறது. சுட்ட மண் மறுபடி மண்ணாவதில்லை. 2,600 ஆண்டுக்கு முன்பு சுட்ட பானையின் ஓடுகளைக் கீழடியில் இன்றும் அள்ளி எடுக்கிறோம். ஒரு முறை குடிக்க ஒரு சூளை நெருப்பும் ஒரு குளத்து வண்டலும் என்றால் கணக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

ஆகவே பொருளை மாற்றிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தூக்கி எறியும் கோப்பை ஏன் பிறந்தது என்று பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது.

அது காபியை எடுத்துப் போவதற்காகப் பிறந்ததல்ல, நோய்க்குப் பயந்து பிறந்தது. நூறு சொச்சம் ஆண்டுக்கு முன்பு அமெரிக்க ரயில்களிலும் பள்ளிகளிலும் பொதுத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஒரே ஒரு தகரக் குவளை சங்கிலியில் தொங்கும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதிலேயே குடிப்பார்கள். காசநோயாளி குடித்த குவளையில் அடுத்ததாகக் குழந்தை குடிக்கும். பாஸ்டனில் லாரன்ஸ் லூயெல்லன் என்ற வழக்கறிஞர் 1907 வாக்கில் இதற்கு மாற்றாகக் காகிதக் குவளையை உருவாக்கினார். லஃபாயெட் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்த ஆல்வின் டேவிசன், பள்ளிக் குவளைகளில் ஒட்டியிருந்த கிருமிகளைப் பற்றி 1908இல் எழுதிய கட்டுரை பெற்றோரைக் கலங்க வைத்தது. மறு ஆண்டே கான்சாஸ் மாநிலத்தில் சுகாதார அதிகாரி சாமுவேல் க்ரம்பைன் பொதுக் குவளைக்குத் தடை போட்டார். லூயெல்லனின் குவளைக்கு முதலில் சூட்டிய பெயரே ஆரோக்கியக் குவளைதான். டிக்ஸி என்ற பெயர் பிறகு வந்தது. 1918இன் இன்ஃப்ளூயன்சா அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தப் பயம் நியாயமான பயம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுக் குவளையை யாரும் கழுவவில்லை. கழுவாத குவளை இருந்த இடத்தில் காகிதக் குவளை வந்து உட்கார்ந்தது. நூறாண்டு கழித்து, 2020இல் கொரோனா வந்தபோது நம் டீக்கடைகளில் நடந்ததும் இதுவேதான். அதுவரை கிளாஸில் குடித்தவர்களும் பேப்பர் கப்பில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். தொற்று அடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகத் திரும்பிப் போகவில்லை. கடைக்காரருக்கும் கிளாஸ் கழுவ ஆள் வேண்டாம் என்ற வசதி கிடைத்துவிட்டது.

கிளாஸ் கழுவுவதை அருகே நின்று பாருங்கள். மேசைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. திரும்பி வந்த கிளாஸை அதில் ஒரு முக்கு, பக்கத்து வாளியில் இன்னொரு முக்கு, உதறினால் தயார். காலை ஆறு மணிக்குத் தெளிவாக இருந்த வாளித் தண்ணீர் எட்டு மணிக்குப் பால் கலந்து வெளுத்துவிடும். அந்த வெளுப்புக்குள் கொழுப்பு, புரதம், சர்க்கரை, எத்தனையோ பேரின் எச்சில் எல்லாம் இருக்கிறது. வெதுவெதுப்பான அந்தத் தண்ணீர் கிருமிக்கு விருந்து. கிளாஸைக் கழுவுகிறோம் என்ற பெயரில் ஒருவர் வாயிலிருந்து வந்ததை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையை அது செய்கிறது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் ஏ போன்ற கிருமிகள் கையிலிருந்து கோப்பைக்கும் கோப்பையிலிருந்து வாய்க்கும் போவது இப்படிப்பட்ட வழியில்தான். பேப்பர் கப் கேட்கும் தாயைப் பார்த்து சுற்றுச்சூழல் பாடம் நடத்த எனக்கு மனம் வராது. அவர் பார்க்கும் வாளியை நானும் பார்க்கிறேன்.

ஆனால் அதே கடையில் வாளிக்கு நாலடி தள்ளி நிற்கிறது பாய்லர். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை கொதிநிலையை ஒட்டிய தண்ணீர் அதில் இருக்கிறது. கையால் கழுவிய பாத்திரத்தை 77 டிகிரி வெந்நீரில் 30 விநாடி மூழ்க வைத்தால் போதும் என்கிறது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதித்தொகுப்பு. கிருமி நீக்கத்துக்கு வேண்டிய கருவி ஒவ்வொரு டீக்கடையிலும் ஏற்கெனவே நெருப்பில் இருக்கிறது! நம்மிடம் இல்லாதது வரிசைதான். முதல் தொட்டியில் சோப்பு, பால் கொழுப்பை எடுக்க. இரண்டாவதில் ஓடும் தண்ணீர், சோப்பைப் போக்க. மூன்றாவதில் பாய்லர் வெந்நீர். அது முடியாத இடத்தில் பிளீச்சிங் பவுடர்: 30 சதவீதம் குளோரின் உள்ள தூளில் 10 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் சொச்சம் போட்டால் 100 பிபிஎம் அளவு கிடைக்கும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பால் ஒட்டியிருக்கும் கிளாஸை நேரே குளோரின் தண்ணீரில் போட்டால் குளோரின் பாலோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. கடைசியில் கிளாஸைக் கவிழ்த்துத் தானாகக் காய விட வேண்டும். தோளில் கிடக்கும் துண்டால் துடைத்தால் செய்ததெல்லாம் வீண்.

இப்படிக் கழுவ ஆகும் தண்ணீரும் எரிபொருளும் பேப்பர் கப்பைவிட அதிகமாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வேதியியலர் மார்ட்டின் ஹாக்கிங் 1994இல் இதற்கு எண்ணால் பதில் சொன்னார். அவர் கணக்கில் ஒரு பேப்பர் கப் செய்ய 0.55 மெகாஜூல் ஆற்றல், கண்ணாடிக் கோப்பைக்கு 5.5, பீங்கானுக்கு 14. பாத்திரம் கழுவும் எந்திரத்தில் ஒரு கோப்பையை ஒரு முறை கழுவ சுமார் 0.18. ஆகக் கண்ணாடிக் கோப்பை 15 முறையும் பீங்கான் 39 முறையும் பயன்பட்டால் பேப்பர் கப்பை முந்திவிடும். தெர்மோகோல் கப்போடு ஒப்பிட்டபோது நிலைமை தலைகீழ்: அது மிக லேசானது என்பதால் பீங்கான் அதை முந்த 1,006 முறை பயன்பட வேண்டியிருந்தது. இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிவதே நல்லது என்று வாதாடியவர்கள் நிறைய. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த எண் கழுவும் செலவைப் பொறுத்தது என்பது புரியும். தெர்மோகோல் கப் செய்ய ஆகும் ஆற்றலும் ஒரு கழுவலுக்கு ஆகும் ஆற்றலும் கிட்டத்தட்ட சமம். கழுவலை மலிவாக்கினால் 1,006 சரசரவென்று கீழே இறங்கும்.

நம் டீக்கடைக்கு இதைப் பொருத்தித் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஹாக்கிங்கின் பேப்பர் கப் 8 கிராமுக்கு மேல். நம் ஊர் டீ கப் 2 கிராம் என்று வைத்தால் அதன் ஆற்றல் 130 கிலோஜூல். ஒரு கிளாஸ் கழுவ 200 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்ற 42 கிலோஜூல் வேண்டும். அடுப்பில் பாதி வெப்பம் வீணாகும் என்றால் 84. ஒவ்வொரு டீக்கும் மிச்சம் 46 கிலோஜூல். 120 கிராம் கிளாஸைச் செய்ய 3,300 கிலோஜூல் ஆகியிருக்கும். அது சுமார் 70 முறையில் ஈடாகிவிடும். 50 கிளாஸ் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 500 டீ ஊற்றும் கடையில் ஒரு கிளாஸ் தினம் 10 முறை சுற்றுகிறது. ஒரு வாரம். அதற்குப் பிறகு உடையும்வரை லாபம். தன் மேசையில் அழகுக்காக ஐந்து விலை உயர்ந்த கோப்பை வாங்கி அடுக்கியிருக்கும் ஆளைவிட இந்தக் கடை பூமிக்கு எவ்வளவோ மேல். கோப்பை எத்தனை கைக்கு மாறுகிறது என்பதே கணக்கின் உயிர்.

கை மாறுவது என்று எழுதும்போது தமிழ்நாட்டில் இதை எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரே கிளாஸில் எல்லோரும் குடிப்பது இங்கே சுகாதாரப் பிரச்சினை ஆவதற்கு வெகு காலம் முன்பே சாதிப் பிரச்சினை. பட்டியல் சாதி மக்களுக்குத் தனிக் குவளை, மற்றவர்களுக்குத் தனிக் குவளை என்ற இரட்டைக் குவளை முறையை எதிர்த்துப் பல பத்தாண்டுப் போராட்டம் நடந்த மண் இது. சட்டத்துக்குப் பயந்து தனிக் குவளையை ஒளித்துவிட்டு, மற்றவர்களுக்குக் கிளாஸும் பட்டியல் சாதி மக்களுக்கு மட்டும் தூக்கி எறியும் கப்பும் கொடுத்த கடைகளைக் களத்தில் வேலை செய்பவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே எல்லோர் வாயிலும் பட்ட, ஒரே தொட்டியில் கழுவிய கிளாஸ் ஒரு டீக்கடையில் வரிசையாகக் கவிழ்ந்திருப்பதை நான் குப்பைக் கணக்கில் மட்டும் வைக்க மாட்டேன். அது போராடிப் பெற்றது. அதைப் பேப்பர் கப்புக்கு விட்டுக்கொடுப்பதில் குப்பையைத் தாண்டிய இழப்பு இருக்கிறது.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தடையில், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பேப்பர் கப் தடை செல்லும் என்றது. வழக்குப் போட்டவர்களின் வருத்தத்தையும் நாம் கேட்க வேண்டும். பேப்பர் கப் தயாரிப்பு பல ஆண்டுகள் சுயதொழில் பயிற்சிகளிலும் வங்கிக் கடன் திட்டங்களிலும் பசுமைத் தொழில் என்று சொல்லிப் பரிந்துரைக்கப்பட்டது. அதை நம்பிக் கடன் வாங்கி எந்திரம் போட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு மாற்று வழி காட்டுவது அரசின் கடமை. இன்று தெருவில் நின்று பார்த்தால் தடை இருப்பதே தெரியாத அளவுக்குக் கப் புழங்குகிறது. அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மறைகிறது, மறுநாள் திரும்புகிறது. தடை ஒரு பொருளை எடுக்கப் பார்த்தது. அந்தப் பொருள் செய்துகொண்டிருந்த வேலையை, அதாவது சுத்தமான கோப்பை என்ற நம்பிக்கையை, வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கழுவுதொட்டிக்கு இடமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத கடைக்கு உரிமம் கொடுத்துவிட்டுக் கப்பைப் பறிமுதல் செய்து என்ன பயன்?

எடுத்துப் போகும் காபிதான் கொஞ்சம் கடினமான பகுதி. இதில் ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே ஆண்டுக்கு 280 கோடி சூடான பானக் கப்புகள் வீசப்படுவதாக அரசின் சுற்றுச்சூழல் முகமை 2019இல் கணக்கிட்டது. ஃபிரைபர்க் நகரம் 2016இல் ஒரு வழியைத் தொடங்கியது. கடையில் ஒரு யூரோ முன்பணம் கொடுத்தால் கழுவிப் பயன்படுத்தும் கெட்டிக் கப்பில் காபி. குடித்துவிட்டுத் திட்டத்தில் சேர்ந்த எந்தக் கடையில் கொடுத்தாலும் அந்த யூரோ திரும்பக் கிடைக்கும். ரீகப் என்ற நிறுவனம் இதையே நாடு முழுவதும் விரித்தது. 2023 முதல், சிறு கடைகள் தவிர மற்றவை திரும்பத் தரும் கோப்பையையும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. வைத்திருந்தார்கள், ஆனால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பழையபடி வீசும் கப்பையே கேட்டார்கள். டியூபிங்கன் நகரம் மட்டும் 2022இலேயே ஒருபடி மேலே போய், வீசும் கப் ஒவ்வொன்றுக்கும் 50 சென்ட் வரி போட்டிருந்தது. ஒரு துரித உணவகத்தின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். அந்த வரி செல்லும் என்று 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

வரியா, தள்ளுபடியா என்பதில் மனித மனம் விசித்திரமாக நடந்துகொள்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் வௌட்டர் பூர்ட்டிங்கா பல காபிக் கடைகளில் சோதித்துப் பார்த்தார். சொந்தக் கோப்பை கொண்டுவந்தால் விலை குறைப்பு என்று எழுதி வைத்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வீசும் கப்புக்குத் தனிக் கட்டணம் என்றபோது சொந்தக் கோப்பை கொண்டுவருவோர் 3.4 சதவீதம் கூடினார்கள். தொகை ஒன்றாகவே இருந்தாலும் கிடைப்பதைவிட இழப்பது மனத்தில் ஆழமாக உறைக்கிறது. 3.4 சிறிய எண்தான். சொந்தக் கோப்பையை எல்லோரும் பையில் சுமப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அது சொல்கிறது. கோப்பை கடையிலிருந்து வந்து கடைக்கே திரும்ப வேண்டும். வாடிக்கையாளரின் நினைவாற்றலை நம்பிப் பெரிய ஏற்பாடு எதையும் நடத்த முடியாது.

முன்பணம் நம் ஊரில் நடக்காது என்று நினைப்பவர்கள் நீலகிரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். காட்டில் வீசப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதை அடுத்து, 2022இல் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பாட்டிலில் மிகப் பெரும் பகுதி திரும்பி வந்தது. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. பேப்பர் கப்பைத் தொடாத அதே குப்பை பொறுக்குபவர், 10 ரூபாய் முன்பணம் உள்ள எவர்சில்வர் டம்ளரை வழியில் கிடக்க விடமாட்டார்.

கல்யாண வீட்டுக்கு இவ்வளவு யோசிக்கக்கூட வேண்டாம். பந்தியில் தண்ணீருக்கும் பாயசத்துக்கும் காபிக்கும் ஆளுக்கு மூன்று பேப்பர் கப் போகிறது. ஆயிரம் பேர் வந்தால் மூவாயிரம். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் பாத்திர வாடகைக் கடை இருக்கிறது. டம்ளரை நூற்றுக்கணக்கில் எண்ணிக் கொடுப்பார்கள், எண்ணி வாங்குவார்கள், குறைந்தால் காசு பிடிப்பார்கள். ஃபிரைபர்க் 2016இல் கண்டுபிடித்ததை அந்தக் கடைக்காரர் தாத்தா காலத்திலிருந்து நடத்தி வருகிறார். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: வெந்நீரில் மொத்தமாகக் கழுவும் எந்திரம். பேப்பர் கப் எந்திரத்துக்குக் கொடுத்த கடனை இந்த எந்திரத்துக்குக் கொடுக்கலாம். கப் ஆலை வைத்து நஷ்டப்பட்டவர்களுக்கே முதலில் கொடுக்கலாம். டம்ளர் கழுவிக் கொடுப்பதை ஒரு தொழிலாகவே எடுத்து, மண்டபங்களுக்கும் திருவிழா அன்னதானத்துக்கும் அலுவலகங்களுக்கும் சேர்த்துச் செய்யலாம். ஃபிளாஸ்கில் டீயும் அதன் தலையில் கவிழ்த்த பேப்பர் கப் அடுக்குமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பையன், முன்பு கம்பித் தட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு வந்தவன்தான்.

மிச்சமிருக்கும் பெரிய சிக்கல் ரயில். விழுப்புரத்தில் வாங்கிய டீயை விருத்தாசலத்தில் குடித்து முடிப்பவர் டம்ளரை யாரிடம் கொடுப்பார்? தனித்தனிக் கடைகளால் இதற்கு விடை காண முடியாது. ஆனால் எல்லா நிலையங்களும் நடைமேடைக் கடைகளின் உரிமமும் ஒரே ரயில்வேயின் கையில் இருக்கின்றன. ஒரே அளவு டம்ளர், ஒரே முன்பணம், எந்த நிலையத்திலும் திருப்பித் தரலாம் என்ற விதி, பெரிய சந்திப்புகளில் ஒரு கழுவுகூடம் என்று ஒரு கோட்டத்தில் தொடங்கிப் பார்க்க ரயில்வே மனம் வைத்தால் போதும். வேறு யார் அனுமதியும் அதற்குத் தேவையில்லை.